பேப்பர் உள்ள குட்டியும் பேப்பர் இல்லாத குட்டியும்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவரிடம் விற்பவர் முதலில் கேட்பது, "பேப்பரோட வேணுமா, பேப்பர் இல்லாம போதுமா?" என்பதுதான். பேப்பர் என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்றிதழ். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. அடுத்து 'ஹெவி போன்' லாப்ரடார், 'டபுள் கோட்' ஜெர்மன் ஷெப்பர்ட், 'பஞ்ச் ஃபேஸ்' பக் என்று ரகங்கள் விரியும். எலும்பின் பருமன், முடியின் அடர்த்தி, மூக்கின் சப்பை என எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரங்கள். தாய் எங்கே இருக்கிறது, இது அதற்கு எத்தனையாவது ஈற்று, தகப்பன் அதற்கு என்ன உறவு என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இவ்வளவு பணம் கொடுத்து ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'நிச்சயம்' என்பதுதான். ஆரோக்கியத்துக்கு நிச்சயம், குணத்துக்கு நிச்சயம். தெருக்குட்டி என்றால் எது எப்படி வளரும் என்று யாருக்குத் தெரியும்? இந்த வாதத்தைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்குத் துணையாக ஒரு நாய் வேண்டும் என்பவர் தேடும் நிச்சயம் அந்தக் கடையில் விற்பனைக்கே இல்லை என்பது என் கருத்து. மீட்கப்பட்ட நாட்டுக் குட்டியைத் தத்தெடுப்பதை ஒரு தர்ம காரியமாக மட்டும் பார்ப்பவர்கள் அதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனிப்பதில்லை.

ஆரோக்கியத்திலிருந்து தொடங்கலாம். ஓர் இனத்தின் தோற்றத்தை அச்சுப் பிசகாமல் தக்கவைக்க வேண்டுமானால் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தாக வேண்டும். இது எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 227 இனங்களின் மரபணுத் தரவுகளை வைத்து 2021இல் கணக்கிட்டார்கள். கூடப்பிறந்த இரண்டு நாய்களை இணை சேர்த்தால் குட்டியில் எவ்வளவு உட்கலப்பு இருக்குமோ, ஏறக்குறைய அதுவே இந்த இனங்களின் சராசரி! அதே வளாகத்தில் 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளில் 24 மரபுவழிக் கோளாறுகளைத் தேடியது. அவற்றில் 10 கோளாறுகள் தூய இன நாய்களிடம் அதிகம். 13இல் வித்தியாசம் இல்லை. முழங்கால் மூட்டின் இணைப்பு நார் அறுந்துபோவது என்ற ஒன்று மட்டும் கலப்பு நாய்களிடம் அதிகம். ஆகவே 'நாட்டு நாய்க்கு நோயே வராது' என்று தத்து கொடுப்பவர்கள் சிலர் சொல்வது மிகைதான். அந்த ஆய்வின் கலப்பு நாய்கள் அமெரிக்க வீடுகளில் வளர்ந்தவை, நம் தெருவில் பிறந்தவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. கூடுதல் விலை கொடுப்பவருக்குக் கூடுதல் ஆரோக்கியம் கிடைப்பதாக அதில் எந்தத் தடயமும் இல்லை.

பக் நாயின் கதை இதற்கு நல்ல சான்று. 2003இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய நாயை அந்தத் தலைமுறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நகரத்து அடுக்ககங்களில் பக் பெருகியது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. மூக்கும் மூச்சுக்குழலும் நசுங்கிய பிராணிக்கு அந்த முக்கிய வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. தூங்கும்போது அது விடும் குறட்டையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அது காற்றுக்குப் போராடுகிற சத்தம். லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வு, மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் பக்கிற்கு ஏதாவது ஒரு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கைச் சராசரி நாயாகவே கருத முடியாது என்ற முடிவுக்கும் வந்தது. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களைப் பெருக்கத் தடை விதிக்க முனைந்ததும் இந்தக் காரணத்தால்தான். வளர்ப்பாளர்கள் எதிர்த்தார்கள். பனிவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை அக்னி நட்சத்திரத்தில் ஏசி அறைக்குள் அடைத்து வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்பதற்கு அவர்கள் தரப்பில் இதுவரை சரியான பதிலைக் காணோம்.

குணம் என்ற நிச்சயம் இதைவிடவும் பலவீனமானது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, அவற்றில் சுமார் 2,000 நாய்களின் மரபணுவையும் படித்த ஆய்வு ஒன்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நாய்க்கு நாய் நடத்தையில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்றது அது. மீதியெல்லாம் தனிப்பட்ட நாய், அது வளர்ந்த விதம், பழகிய மனிதர்கள். 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய இரண்டு ராட்வைலர்களும் தெருநாய்கள் அல்ல, ஒரு வீட்டில் வளர்ந்தவை. அந்தச் சம்பவத்தைக் காட்டி இனத்தையே பழிப்பது எளிது. நான் அதைச் செய்யவில்லை. இனப் பெயர் எந்தப் பக்கத்துக்கும் உத்தரவாதம் தராது என்பதே என் கட்சி. தெருநாய்க்குப் புத்தி மட்டு என்ற நினைப்பும் ஆதாரமில்லாதது. கொல்கத்தாவின் அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்களிடம் மூடிய கிண்ணங்களைக் காட்டிக் கையால் ஒன்றைச் சுட்டிப் பார்த்தது. பல நாய்கள் பயந்து கிட்டவே வரவில்லை. துணிந்து வந்தவற்றில் 10க்கு 8 போல, கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. முன்பின் தெரியாத மனிதரின் சைகையை அவை படித்துவிட்டன.

இனி, கொடுக்கிற பணம் போகும் இடம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் வெறும் கருணை மட்டும் இல்லை, விஞ்ஞானமும் இருக்கிறது. பிறந்த 3 முதல் 12 வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம். கடித்தால் வலிக்கும் என்பதையே அது கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடித்தான் தெரிந்துகொள்கிறது. சந்தையில் பிளாஸ்டிக் கூடைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கி வழியும் குட்டிகளை உற்றுப் பாருங்கள். வயிறு மட்டும் உப்பியிருக்கும், அது கொழுப்பல்ல, பூச்சி. நடக்கவிட்டால் பின்கால் தள்ளாடும். ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. ஏனென்றால் சின்னதாக, பொம்மை போல இருந்தால்தான் விலை போகிறது.

நல்ல வளர்ப்பாளர்களும் இருக்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. இருக்கிறார்கள். இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் விடாமல், வாங்க வருபவரின் வீட்டைப் பார்த்த பிறகே குட்டி கொடுப்பவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம்: தாய் நாயைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், இப்போது குட்டி இல்லை, காத்திருங்கள் என்பார்கள். ஆனால் இந்த வணிகம் நடப்பது அவர்களை நம்பி அல்ல. இங்கிலாந்தில் இந்த வேறுபாட்டைப் பார்க்கும் பொறுப்பைச் சட்டமே எடுத்துக்கொண்டது. வேல்ஸின் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற ஸ்பானியல், ஓயாமல் ஈன்று முதுகெலும்பு வளைந்து கிடந்தது. அதன் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதைத் தடை செய்தது. வாங்குபவர் குட்டியை அதன் தாயோடு, அது பிறந்த இடத்திலேயே பார்த்துத்தான் வாங்க முடியும். நம்மிடம் அப்படி எதுவும் நடைமுறையில் இல்லாதவரை, கண்ணை மூடிக் கொடுக்கும் பணம் எங்கோ ஒரு கூண்டில் இன்னோர் ஈற்றுக்கு முன்பணம்.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் எதிர்வாதம் வேறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்களை யாரும் விலை கொடுத்து வாங்காவிட்டால் அவை அழிந்துபோகாதா? இந்தக் கவலை உண்மையானது; ஜல்லிக்கட்டுக் காளைகளுக்காகக் கூடிய ஊர் இது. ஆனால் சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயல் துரத்த உருவான நாய். அதை மூன்றாம் மாடி ஃபிளாட்டின் பால்கனியில் கட்டிப்போட்டு ஒரு மரபைக் காப்பாற்றுவதாகச் சொல்வது வேடிக்கை. வெள்ளை நிறத்துக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் ஆசைப்பட்டுப் பெருக்கிய ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு பரவலாகக் காணப்படுவதை அந்த வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்களே அறிவார்கள். தோட்டமும் காடும் உள்ளவர், அந்த இனத்தின் வேலை தெரிந்தவர், தாராளமாக அவற்றை வளர்க்கட்டும். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதே அல்ல. வேலை ஏதும் இல்லாமல், மாலையில் வாலாட்டி வரவேற்க ஒரு ஜீவன் வேண்டும் என்பவருக்குச் சாதி நாய் எதற்கு என்பதே கேள்வி.

மறுபக்கம் தெருவில் என்ன நடக்கிறது? பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏழாவது மாதத்தை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ மனிதர்களே காரணம். வாகனம் ஏற்றியவர், விஷம் வைத்தவர், தாயிடமிருந்து தூக்கிக்கொண்டுபோய் வேறெங்கோ விட்டவர் என்று அந்தப் பட்டியல் நீளும். தத்துக்கு வரும் குட்டிகள் இப்படி 100இல் 81 பிழைக்காத கூட்டத்திலிருந்து எடுக்கப்படுபவை.

மீட்பு வேலை செய்பவர்கள் சில சமயம் அடக்கி வாசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. தெருக்குட்டி நோயோடு வரக்கூடும். பார்வோ நோய் சில நாளிலேயே குட்டியைக் கொண்டுபோய்விடும், டிஸ்டம்பரும் உயிரை வாங்கக்கூடியது. தாய்க்குத் தடுப்பூசி போடப்படாத குட்டியிடம் ரேபிஸ் கிருமியும் இருக்கலாம். பல் படாமல் கீறினாலும் உடனே சோப்பு போட்டுக் கழுவி ஊசி போட்டே ஆக வேண்டும், 'குட்டிதானே' என்று விடக் கூடாது. ஆனால் சந்தையில் வாங்கும் குட்டிக்கும் இதே பார்வோதான் வருகிறது. பல கூண்டுக் குட்டிகள் ஓரிடத்தில் கலப்பதால் அங்கே ஆபத்து குறைவாக இருக்க வழியில்லை. ஒன்றரை, இரண்டு மாதத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, நடுவில் பூச்சி மருந்து என இரண்டு குட்டிக்கும் அட்டவணை ஒன்றே, செலவும் ஒன்றே. தத்துக்குட்டியில் மிச்சமாகும் விலையை வைத்து இதையெல்லாம் முடித்தபின்னும் கையில் காசு இருக்கும்.

ஆளுக்கொரு குட்டியை எடுத்தால் தெருநாய்ப் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று கேட்பார்கள். தீராது. சென்னையில் 2018இல் சுமார் 57,000 என்று கணக்கிடப்பட்ட தெருநாய்கள், 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம். இத்தனை நாய்க்கு வீடு இல்லை. எண்ணிக்கையைக் குறைக்கக் கருத்தடைதான் வழி. அதை 1960களில் தொடங்கி இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்ததே சென்னையின் ப்ளூ கிராஸ்தான். சென்னை மாநகராட்சி 1996இல் அதை ஏற்றுக்கொண்டது. தத்தெடுப்பு அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. தத்து முகாம்களில் எல்லோரும் கேட்பது கடுவன் குட்டியை. பெட்டைகள் கூடையில் மிஞ்சிக் கிடக்கின்றன, பல ஈற்றுகளில் அவற்றைத்தான் முதலில் தூக்கிக் குப்பைமேட்டில் போடுகிறார்கள். வீட்டுக்குப் போய் உரிய வயதில் கருத்தடை செய்யப்படும் ஒவ்வொரு பெட்டைக் குட்டியும், தெருவில் வளர்ந்திருந்தால் ஆண்டுதோறும் போட்டிருக்கக்கூடிய ஈற்றுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. கடுவனை எடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது, தெருவில் அதன் இடத்துக்கு இன்னொரு கடுவன் வந்துவிடும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் பிறப்பித்த உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்கிறது. நல்ல வாசகம்தான், ஆனால் விண்ணப்பத்தை எந்தக் கவுன்டரில் கொடுப்பது என்று கேட்டால் பல ஊர்களில் பதில் இருக்காது. கருத்தடை மையங்களிலேயே ஒரு மேசை போட்டு, வாரம் ஒருநாள் தடுப்பூசி போட்ட குட்டிகளைக் காட்டி, பெட்டையை எடுப்பவருக்குக் கருத்தடை இலவசம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள மாநகராட்சிகளுக்குப் பெரிய செலவு ஆகாது. அதே கையோடு, பதிவு எண் இல்லாமல் குட்டி விற்பவர்களிடமும் சந்தைக் கூடைகளிடமும் 2017 விதிகளைக் கொண்டுபோகலாம்.