திரையும் நாமும்: வேலைநிறுத்தமும் வெந்நீரும்

சென்ற திங்கள் இப்பகுதியில் ஜெமினி நிறுவனத்தாரின் ‘இரும்புத்திரை’யைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த மூதாட்டியார் ஒருவர், எங்கள் குடியிருப்பில் அடுத்த வரிசையில் மகனோடு வசிப்பவர், குழாயடியில் என்னை நிறுத்திக் கேட்டார்: “தம்பி, ஆலையைப் பற்றி எழுதினீர்கள், முதலாளியைப் பற்றி எழுதினீர்கள், சங்கத்தைப் பற்றி எழுதினீர்கள். அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு வரிகூட இல்லையே?”

கேட்பதற்கு உரிமை உள்ளவர் அவர். 1974 மே 8 முதல் 27 வரை நாடெங்கும் ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தபோது, அவர் கைக்குழந்தையுடன் இருந்த இளம் மனைவி. கணவர் வீட்டில் தங்கினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களென்று வெளியே எங்கெங்கோ படுத்துறங்கினாராம். இவர் மூக்குத்தியைச் சேட்டு கடையில் வைத்தார். மளிகைக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டே போனார். அக்கடனைத் தீர்க்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்றென்றும், அந்நாளில் நடந்த எந்தக் கூட்டத்திலும் எவரும் தம்மை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

நம் நாட்டுத் தொழிலாளர் படங்களை நினைத்துப் பார்த்தேன். 1960இல் வந்த ‘இரும்புத்திரை’யை, அதற்கு முந்தைய ஆண்டே எஸ். எஸ். வாசன் இந்தியில் ‘பைகாம்’ என எடுத்திருந்தார். அங்கே திலீப் குமார், இங்கே சிவாஜி கணேசன், இரண்டிலும் வைஜயந்திமாலா. 1957இல் வந்த பி. ஆர். சோப்ராவின் ‘நயா தௌர்’ படத்தில் பேருந்தால் பிழைப்பிழக்கும் குதிரைவண்டிக்காரர்களின் வழக்கு, வண்டிக்கும் பேருந்துக்கும் இடையே ஒரு பந்தயமாகவே முடிகிறது. சுவையான படங்கள்தாம், நானும் பன்முறை பார்த்திருக்கிறேன். ஆயினும் அவற்றில் வெற்றி பெறுவது ஒரு கதாநாயகனின் துணிவு. சம்பளம் நின்றுபோன வீடு எப்படி நாளைக் கழித்தது என்பதில் படம் நெடுநேரம் நிற்பதில்லை.

அம்மையாரின் கேள்விக்கு விடையாக ஒரு படம் உண்டு. அது நம் நாட்டுப் படமன்று. 1954இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சால்ட் ஆஃப் தி எர்த்’, அதாவது ‘பூமியின் உப்பு’. நடந்த சம்பவமே அதன் கதை. அந்நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், எம்பயர் ஜிங்க் என்னும் கம்பெனியின் துத்தநாகச் சுரங்கத்தில், 1950 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1952 ஜனவரி வரை, சுமார் பதினைந்து மாதங்கள் நீடித்தது. தொழிலாளரில் பெரும்பாலோர் மெக்சிகோ வமிசத்தவர். வெள்ளையரான தொழிலாளருக்கு ஒரு நீதி, இவர்களுக்கு ஒரு நீதி. கம்பெனி வீடுகளிலும் அதே பேதம்: அவர்கள் வீட்டில் குழாயில் வெந்நீர் வரும், இவர்கள் வீட்டுப் பெண்கள் விறகு பிளந்து, நீர் சுமந்து, காய்ச்ச வேண்டும்.

படத்தின் கதையைச் சொல்பவள் எஸ்பெரான்சா. ரமோன் என்னும் சுரங்கத் தொழிலாளியின் மனைவி, மூன்றாம் முறையாகக் கருவுற்றிருப்பவள். வெடிவைக்கும் வேலையில் வெள்ளையர் இருவர் இருவராகப் போக, இவர்களைத் தனியே அனுப்புகிறது கம்பெனி. ஒரு விபத்து நேர்கிறது, தொழிலாளர் வெளியேறுகிறார்கள். கோரிக்கைகளைத் தொகுக்கும்போது பெண்கள், “வெந்நீரும் கழிவுநீர் வசதியும் வேண்டுமென்பதையும் சேருங்கள்” என்கிறார்கள். பாதுகாப்பும் சம உரிமையும் முதலில், அதெல்லாம் பிற்பாடு என்று ஆண்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

பிறகு ஒரு திருப்பம். இதுவும் மெய்யாக நடந்ததே. 1947இல் இயற்றப்பட்ட டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின்படி, சங்க உறுப்பினர்கள் மறியல் செய்யலாகாதென நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. மீறினால் சிறை, அடங்கினால் வேறு ஆட்களைக் கம்பெனி உள்ளே கொண்டுபோகும். அப்போது பெண்கள் எழுந்து, “ஆணை சங்கத்து உறுப்பினருக்குத்தானே? நாங்கள் உறுப்பினர் அல்லவே, நாங்கள் நிற்கிறோம்” என்கிறார்கள். அதை முடிவு செய்ய வாக்கெடுக்க வேண்டும். பெண்களுக்கோ சங்கக் கூட்டத்தில் வாக்கு இல்லை. ஆகவே சங்கக் கூட்டத்தை முடித்து, அதே கூடத்தில், அதே நாற்காலிகளில், ஊர்க்கூட்டமாக மறுபடி தொடங்குகிறார்கள். சங்க விதிகளில் பழக்கமுள்ள நம்மவர் இக்காட்சியை மிகவும் ரசிப்பர்.

அவ்விதமே 1951 ஜூனில் பெண்கள் மறியலில் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை வந்தது, கைது வந்தது. கைக்குழந்தைகளோடு சிறை சென்றார்கள். படத்தில் இதைவிடச் சுவையானது, வீட்டில் நடப்பது. ரமோன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறான், துணி துவைத்து உலர்த்துகிறான், விறகு பிளக்கிறான், வெந்நீர் காய்ச்சுகிறான். சில நாட்களிலேயே, வெந்நீர்க் கோரிக்கையைத் தள்ளி வைத்தது தவறென்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது! ஆனால் அத்தோடு அவன் திருந்திவிடவில்லை. பெருமை குலைந்த கோபத்தில் மனைவிமேல் கையோங்குகிறான். அது பழைய வழி, இனி என்னிடம் செல்லாது என்று அவள் நின்ற இடத்திலேயே நின்று சொல்கிறாள். ஆலை வாயிலில் நடந்த அத்தனை போராட்டமும் இந்தச் சிறிய அறைக்குள் வந்து நின்றது போலிருக்கும்.

ரமோனாக நடித்த ஹுவான் சக்கோன் நடிகர் அல்லர். அந்தச் சங்கத்தின் தலைவரே அவர். நடித்தோரில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமே. மைக்கேல் வில்சன் எழுதிய கதையை முதலில் அவர்களிடமே படித்துக் காட்டினார்கள். ரமோன் வேறொரு பெண்ணை நாடுவதாக இருந்த பகுதியை அவர்கள் ஏற்கவில்லை, நீக்கப்பட்டது. இயக்குநர் ஹெர்பர்ட் பீபர்மன், காங்கிரஸ் விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்துச் சிறை சென்ற ஹாலிவுட் பதின்மரில் ஒருவர். எஸ்பெரான்சாவாக நடித்த ரோசௌரா ரெவுவெல்தாஸ் மெக்சிகோ நாட்டு நடிகை. படப்பிடிப்பு முடியுமுன்னரே, 1953இல், குடியேற்ற அதிகாரிகள் அவரைக் கைது செய்தமையால் அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய காட்சிகளை வேறு வழிகளில் நிறைவு செய்தார்கள்.

படம் முடிந்த பின்னர் வந்த இடையூறே எனக்கு மிகவும் உறுத்துவது. திரையரங்குகளில் படம் ஓட்டும் தொழிலாளருக்கும் அங்கே ஒரு சங்கம் உண்டு. தொழிலாளரைப் பற்றிய இப்படத்தை ஓட்ட அச்சங்கத்தவரே மறுத்தார்கள்! அந்நாளில் வீசிய கம்யூனிஸ்டு அச்சம் அத்தகையது. 1954இல் ஒரு சில அரங்குகளிலேயே படம் ஓடிற்று. 1992இல் அதே நாடு, பாதுகாக்கப்பட வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்துக்கொண்டது.

குறைகளும் உண்டு. பழக்கமில்லாத நடிகர்கள் சில இடங்களில் பாடம் ஒப்பிக்கிறார்கள். ஷெரீப்பும் கம்பெனி மேலாளரும் ஒரே வர்ணத்தில் தீட்டிய வில்லன்கள். நம்பியாரும் வீரப்பாவும் இவர்களைவிட நயமாகச் செய்வார்கள். ரமோனின் மனம் இறுதியில் சற்று விரைவாகவே தெளிந்துவிடுகிறது.

இக்காலத்தில் இப்படம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஓடும். சென்ற ஞாயிறு மாலை அதைத் தொலைக்காட்சியில் இணைத்து, அந்த அம்மையாரையும் மருமகளையும் அழைத்தோம். வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ரமோன் துணி உலர்த்தும் இடத்தில் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். முடிவில் ஷெரீப்பின் ஆட்கள் ரமோன் வீட்டுச் சாமான்களை வெளியே எறிய, அயலவர் திரண்டு வந்து ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே கொண்டுபோகும் காட்சியில் பேச்சில்லை. படம் முடிந்ததும், “அந்தப் பெண்களுக்கு வெந்நீர் வந்ததா?” என்று கேட்டார். வந்தது, வேலைநிறுத்தத்துக்குப் பின் அவ்வீடுகளுக்குக் கம்பெனி குழாய் போட்டது என்றேன். “அப்படியானால் சரி” என்று எழுந்து, செருப்பைத் தேடினார்.

அடுத்த திங்கள், ஒரே ஆலையில் இரு சங்கங்கள் மோதும் கதையான கோவிந்த் நிஹலானியின் ‘ஆகாத்’ (1985) படத்தைப் பார்ப்போம். 1974ஐக் கண்ட பெண்மணிகள் வேறு எவரேனும் நம் குடும்பங்களில் இருப்பின், அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.