சிக்கனம் யார் வயிற்றில்?

கையில் குறைந்த காசோடு தூரதேசம் போகிறவனை நான் மதிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அவனோடுதான் சண்டை போடப் போகிறேன். அதனால் என்னை வசதிக்காரர்களின் வக்கீல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வசதிக்காரர்களின் பிரயாணம் நமக்குத் தெரிந்ததுதான். பத்து நாளில் எகிப்து முழுவதையும் காட்டிவிடுகிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்யும். நாற்பது பேர் சேர்ந்து போவார்கள். கூடவே ஒரு சமையற்காரர், ஒரு மூட்டை சாம்பார்ப்பொடி, ஒரு டப்பா ஊறுகாய். பிரமிடுக்கு முன்னால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் அங்கே வெயில் எப்படி, தயிர் எப்படி என்று சொல்வார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் கோயம்புத்தூரை விட்டுக் கிளம்பவே இல்லையே!

இப்போது இன்னொரு ரகம் புறப்பட்டிருக்கிறது. முதுகில் ஒரு பை, மாற்றுத் துணி இரண்டு. பீளமேட்டில் விமானம் ஏறி, ஷார்ஜாவில் மாறி, கெய்ரோவில் இறங்கி, எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் பிடித்து, அங்கிருந்து ரயிலில் அலெக்ஸாந்திரியாவுக்கும் லக்ஸருக்கும் போய்வருகிற பிள்ளைகள். கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நைல் நதிக்கரையில் நடந்துவிட்டு வருகிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. காங்கயத்துக்குப் பக்கத்தில் படியூரில் எடுத்த கற்களும், நொய்யல் கரையில் கொடுமணலில் செய்த மணிகளும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கடலுக்குப் போன காலம் உண்டு. அதற்கு ஈடாக வந்த ரோமாபுரிக் காசுகள்தாம் 1842-இல் வெள்ளலூரில் புதையலாக அகப்பட்டன. செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில், தமிழ் பிராமி எழுத்தில், கொற்றன் என்ற பெயர் இருக்கிறது. குஸைர் அல் கதீமில் கண்ணனும் சாதனும் இருக்கிறார்கள். 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டு மாநாட்டில் இன்னொரு சேதியும் வெளியாயிற்று. லக்ஸருக்கு எதிர்க்கரையில், மாண்டுபோன அரசர்களின் பள்ளத்தாக்கில், கல்லறைச் சுவர்களில், சிகை கொற்றன் என்ற ஒரு தமிழன் எட்டு இடங்களில் தன் பெயரைப் பொறித்துவைத்திருக்கிறானாம். வந்து கண்டதாகவும் எழுதியிருக்கிறான். போன இடத்துச் சுவரில் பெயர் எழுதுகிற பழக்கம் நம்மவர்களுக்கு எவ்வளவு நாளாக இருக்கிறது, பாருங்கள்! ஆனாலும் அவன் எழுதியது 'வந்தேன், கண்டேன்' என்பதுதான். 'இத்தனை காசுக்கு முடித்தேன்' என்று எழுதவில்லை.

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நால் ரோட்டுத் தேநீர்க் கடையில் ஒரு பிள்ளையைச் சந்தித்தேன். எகிப்திலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்ணா, பன்னண்டு நாளுக்கு மொத்தம் எவ்வளவு ஆயிருக்கும்னு நெனைக்கிறீங்க?"

தெரியவில்லை என்றேன். ஒரு தொகை சொன்னார். குறைவான தொகைதான். எப்படி முடிந்தது என்று விவரமும் சொன்னார்.

"லக்ஸர்ல ஒரு குதிரை வண்டிக்காரன் எரநூறு பவுண்டு கேட்டானுங்க. வேண்டாம்னு நடந்தனுங்க. பின்னாடியே வந்தான். நூறுன்னான். நான் திரும்பிக்கூடப் பாக்கலைங்க. கடைசில அறுபதுக்கு ஏத்திட்டுப் போனானுங்ணா!"

"எங்கே போனீங்க, தம்பி?"

"கர்னாக் கோயிலுக்குங்க."

"அங்கே என்ன பார்த்தீங்க?"

"தூணுங்க. பெரிய பெரிய தூணு." மறுபடியும் உற்சாகம் வந்துவிட்டது. "தண்ணி பாட்டில் விக்கறவன்கிட்ட நடந்ததைக் கேளுங்க..."

நூற்றுமுப்பத்து நான்கு தூண்கள் காடுபோல நிற்கிற மண்டபம் அது. அதற்கு ஒரு வார்த்தை. வண்டிக்காரனைத் தோற்கடித்ததற்குப் பத்து நிமிஷம். அன்றைக்கு அந்தக் குதிரைக்குத் தீனி கிடைத்திருக்குமா என்று கேட்டேன். நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

அவர் கெட்ட பிள்ளை அல்ல. தாய் தகப்பனுக்கு அடங்கிய பிள்ளை. பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிற பிள்ளை. அதனால்தான் எனக்கு வருத்தம். சிக்கனம் என்ற நல்ல வார்த்தை இந்தப் பிள்ளைகளின் வாயில் பொருள் மாறிப்போயிற்று. தன் வயிற்றைக் கட்டுவதுதான் சிக்கனம். அடுத்தவன் வயிற்றைக் கட்டுவதற்கு நம் கிராமத்திலேயே வேறு பெயர் உண்டு. அதை அச்சில் ஏற்ற முடியாது.

பழைய காலத்து ஏழைப் பிரயாணி எப்படிப் போனான் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1325-இல், இருபத்தொரு வயதில், மொராக்கோ தேசத்து டான்ஜியரிலிருந்து புறப்பட்ட இபின் பதூதா அலெக்ஸாந்திரியாவையும் கெய்ரோவையும் கடந்து, கடைசியில் நம் மதுரை வரைக்கும் வந்து சேர்ந்தார். வழி நெடுகப் பிரயாணிகளுக்கென்று ஏற்படுத்தியிருந்த மடங்களில் தங்கினார், சாப்பிட்டார். கெய்ரோவில் சுல்தான் அல் கூரி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வகாலா இன்றும் நிற்கிறது. கீழே சரக்கும் கால்நடையும், மேலே வியாபாரிகள் தங்க அறைகள். அதே நகரத்தில் 1744-இல் அப்துர் ரஹ்மான் கத்குதா என்ற பிரபு கட்டிய ஒரு கட்டடம், இரண்டு தெருக்கள் பிரிகிற முனையில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் வழிப்போக்கர்களுக்கு இலவசத் தண்ணீர்; மேல்தளத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நம் பக்கத்துச் சத்திரமும், சாவடியும், சுமைதாங்கிக் கல்லும், தண்ணீர்ப் பந்தலும் இதே தர்மந்தான். அங்கே வக்பு என்றார்கள். இங்கே மானியம் என்றோம்.

ஆக, அன்றைய ஏழைப் பிரயாணியின் செலவை யாரோ ஒரு பணக்காரன் ஏற்றுக்கொண்டான். இன்றைக்குத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவனுக்கும் வழியில் பந்தல் போட்டுச் சோறு போடுகிறவர்கள், போட முடிந்தவர்கள்தாம். வழியில் இளநீர் விற்கிற கிழவியிடம் காசைக் குறைத்து யாரும் பழனி யாத்திரை முடித்ததில்லை. இன்றைய மலிவுப் பிரயாணத்துக்கு மானியம் கொடுப்பவர் யார்? விமானக் கம்பெனி ஒரு காசு குறைக்காது. விசா கொடுக்கிறவரிடம் பேரம் செல்லாது. பேரம் செல்லுகிற இடம் ஒன்றுதான்: வண்டிக்காரன், படகுக்காரன், தண்ணீர் விற்கிற பையன். மொத்தச் செலவில் மிச்சம் பிடித்தது எல்லாம் அவர்களிடமிருந்து பிடித்ததுதான்.

இதில் சாமர்த்தியம் என்று பெருமைப்படவும் ஒன்றுமில்லை. 2024 மார்ச் 6-ஆம் தேதி எகிப்து அரசாங்கம் தன் நாணயத்தைச் சந்தை போகிற போக்குக்கு விட்டது. டாலருக்குச் சுமார் 31 பவுண்டு என்றிருந்தது அன்றைக்கே 50-ஐ ஒட்டிப் போய்விட்டது. நம் கணக்கில் இரண்டரை ரூபாய்க்கு மேல் இருந்த ஒரு பவுண்டு, ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் கீழே விழுந்தது. நம்முடைய பையன் விமானத்தில் கால் வைப்பதற்கு முன்பே அவனுக்காக ஒரு தேசமே விலை குறைந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் அரசாங்கம் மானிய விலையில் கொடுக்கிற ரொட்டியின் விலை 5 பியாஸ்தரிலிருந்து 20 பியாஸ்தராக ஏறிற்று. முப்பது வருஷங்களுக்கு மேலாகத் தொடாமல் வைத்திருந்த விலை அது. 1977-இல் ரொட்டி விலையில் கைவைத்தபோது ஜனங்கள் தெருவில் இறங்க, அரசாங்கம் பின்வாங்கியிருந்தது. அந்த நாட்டுப் பேச்சில் ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு ஜீவனம் என்றும் பொருள். நமக்கு மலிவாகத் தெரிகிறதே, அது அவர்கள் வீட்டில் பஞ்சமாகத் தெரிகிறது.

"பேரம் பேசுவது அந்த ஊர் வழக்கம். பேசாவிட்டால் நம்மை முட்டாள் என்பார்கள்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. பேரம் எனக்கும் தெரியும். நான் கொங்கு நாட்டான். நம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்களே, அது பேரம். விற்கிறவனும் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், வாங்குகிறவனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். இரண்டு பேருக்கும் போக வழியிருக்கிறது. கெய்ரோவில் கான் அல் கலீலிக் கடைவீதியில் பித்தளைத் தட்டு விற்கிற வியாபாரியோடு ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், நான் குறுக்கே வரவில்லை. அவர் உங்களையும் விற்று, என்னையும் விற்று வருகிறவர். ஆனால் லக்ஸர் வண்டிக்காரன் நிலைமை வேறு. 1997-இல் அங்கே கோயில் வாசலில் பிரயாணிகளைச் சுட்டுக் கொன்றபோதும், 2011-இல் ஆட்சி கவிழ்ந்தபோதும், 2020-இல் கொள்ளைநோய் வந்தபோதும் பிரயாணிகள் வருவது நின்றது. குதிரை சாப்பிடுவது நிற்கவில்லை. அவன் பின்னாலேயே வந்தான் என்றால், பேரத்தில் தோற்றதனாலா வந்தான்? திரும்பிப் போக அவனுக்கு வழி இல்லை, அதனால் வந்தான்.

"ஏமாற்றுகிறார்களே!" என்பது அடுத்த பதில். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காந்திபுரத்தில் இறங்குகிற வெளியூர்க்காரரை நாம் எல்லோருமா மாலை போட்டு வரவேற்கிறோம்? நியாயமான கூலி என்ன என்று தங்கியிருக்கிற இடத்தில் விசாரித்துக்கொண்டு, அதைக் கொடுத்தால் தீர்ந்தது. அதற்குமேல் கேட்டால் மறுக்கலாம். நான் சொல்வது அதற்குக் கீழே இறங்குவதைப் பற்றி. பழைய கோயில்களில் அந்நாட்டாருக்கு ஒரு டிக்கெட், அந்நியருக்குப் பல மடங்கு டிக்கெட் என்று சிலர் குமுறுகிறார்கள். நம் தாஜ்மகாலில் என்ன நடக்கிறதாம்?

இதை நான் வேறு எந்த ஊர்க்காரரிடம் சொல்லாவிட்டாலும் கருமத்தம்பட்டிக்காரரிடம் சொல்வேன். பாவும் ஊடையும் ஒருவர் கொடுக்க, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுக்கிற ஊர் இது. இதைவிடக் குறைந்த கூலிக்கு நெய்ய வேறு ஆள் இருக்கிறான் என்ற பேச்சை எத்தனை வருஷமாக இந்த வட்டாரம் கேட்டு வருகிறது! 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிகள் ஒரு மாதம் ஓடாமல் நின்றனவே, எதற்காக? கூலி கட்டவில்லை என்பதற்காக. அப்படி நின்ற தறியின் வீட்டுப் பிள்ளை, கடல் தாண்டிப் போய், இன்னொரு கூலிக்காரனிடம் அதே பேச்சைப் பேசிவிட்டு வந்து அதை வீரப்பிரதாபமாகச் சொல்லலாமா?

எகிப்துக்கும் நமக்கும் காசு கணக்கு மட்டுமா உறவு? கர்னாக் என்பது கோயிலின் பெயர் மட்டுமல்ல, எகிப்தியப் பருத்தி ஒன்றின் பெயரும் கூட. அதிலிருந்து தேர்ந்தெடுத்த சுஜாதா என்ற ரகத்தைத் தாயாக வைத்துத்தான் கோயம்புத்தூரில் சுவின் பருத்தியை உண்டாக்கினார்கள். 1974-இல் வெளிவந்த ரகம். நீண்ட இழைக்குப் பேர் போனது. நைல் நதி முகத்துவாரத்தில் மஹல்லா அல் குப்ரா என்று ஒரு நெசவு நகரம் இருக்கிறது. 1927-இல் தொடங்கிய பெரிய ஆலை அங்கே உண்டு. 2006 டிசம்பரில், கொடுப்பதாகச் சொன்ன போனஸைக் கொடுக்கவில்லை என்று இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் அங்கே வேலையை நிறுத்தினார்கள். கெய்ரோவிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்கு ரயிலேறுகிற நம் பிள்ளைகள் வழியில் டாண்டாவில் இறங்கினால் மஹல்லா கொஞ்ச தூரம்தான். சோமனூர்ப் பிள்ளைக்கு எகிப்தில் அதைவிடச் சொந்தமான ஊர் உண்டா? ஆனால் யாரும் இறங்குவதில்லை. அங்கே படம் எடுக்கப் பிரமிடு இல்லையே!

சிக்கனமாகப் போங்கள். தாராளமாகச் சிக்கனமாகப் போங்கள். எட்டுப் பேர் அறையில் படுங்கள். அரிசியும் பருப்பும் மாக்கரோனியும் கலந்து வறுத்த வெங்காயம் தூவிக் கொடுக்கிற குஷாரியை மத்தியானமும் ராத்திரியும் சாப்பிடுங்கள். கவிச்சி சாப்பிடாதவருக்கும் அது ஆகும். கெய்ரோ மெட்ரோவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று போங்கள். கால் வலிக்க நடங்கள். பழைய நகரத்தை நடந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாது. இதெல்லாம் உங்கள் உடம்பு கொடுக்கிற காசு. அதில் கை நீட்டிக் கேட்க எவனுக்கும் உரிமை இல்லை.

ஆனால் வண்டி ஏறினால் கூலியைக் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் நடந்து போங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்பிச் செலவுக் கணக்கு எழுதும்போது இரண்டு பத்தியாக எழுதுங்கள். நான் விட்டுக்கொடுத்ததனால் மிச்சமானது ஒரு பத்தி. அடுத்தவனை விட்டுக்கொடுக்க வைத்ததனால் மிச்சமானது இன்னொரு பத்தி. முதல் பத்தியை ஊர் முழுக்கச் சொல்லுங்கள்; நானும் கேட்கிறேன். இரண்டாவது பத்தியைச் சொல்லுவதற்கு முன்னால், அதே கணக்கை உங்கள் தகப்பனார் தறிக் கூலியில் யாராவது எழுதியிருந்தால் உங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பீர்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.