ஊர்க் கணக்கும் ஒப்புநோக்கும்

அரியக்குடி என்றதும் இசைவாணர் இராமாநுஜ ஐயங்காரை நினையாதார் இலர். கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு வகுத்த அப்பெரியாரின் ஊர் இன்று வேறோர் ஒழுங்கை வேண்டி நிற்கின்றது. அஃது ஊர்ப்பணத்தின் கணக்கொழுங்கேயாம். 2024-ஆம் ஆண்டில் காரைக்குடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது அதனோடு சேர்க்கப்பட்ட ஊராட்சிகளுள் அரியக்குடியும் ஒன்று. இனி வரி உயரும் என்று அஞ்சுவார் ஒரு சாரார். வசதி பெருகும் என்று மகிழ்வார் மற்றொரு சாரார். இருசாராரும் கணக்கைக் கொண்டே வழக்காடுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

கணக்குக் கிட்டாத பொருளன்று. ஊராட்சிகளின் வரவு செலவை, 2020 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் என்னும் இணையத்தளத்தில் எவரும் காணலாம். 2021 முதல் 2026 வரைக்குரிய மானியத்தைப் பெற விரும்பும் உள்ளாட்சிகள் தம் கணக்கை இணையத்தில் வெளியிடல் வேண்டும் எனப் பதினைந்தாம் நிதிக்குழுவும் விதித்தது. இவற்றைக் கணினியின் விரிதாளில் இட்டால் நூறு ஊர்களைச் சிறுபொழுதில் ஒப்பிடலாம். வருமாண்டின் வரவையும் ஒருவாறு மதிப்பிடலாம்.

ஆயினும் கருவி கூரியதாயிருத்தல் மட்டும் போதாது. ஊராட்சி, கைக்கு வந்த பணத்தையே வரவென எழுதும். தமிழ்நாட்டு நகராட்சிகளும் மாநகராட்சிகளுமோ, விதித்த வரியை வசூலாகுமுன்னரே வருவாயாகக் கொள்ளும். நூறு ரூபாய் வரி விதித்து அறுபது ரூபாய் பெற்றால் ஊராட்சியின் ஏட்டில் அறுபதும், நகரத்தின் ஏட்டில் நூறும் தோன்றும். இவ்வேறுபாட்டை அறியாது ஒப்பிடுவார்க்கு நகரம் செல்வமுடையதாகவும் ஊர் வறியதாகவும் காணப்படுதல் இயல்பே. பர்மாவிலும் மலேயாவிலும் வாணிகம் நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தவர். பெட்டியிலுள்ள ரொக்கத்தை எண்ணுவதோடு அமையாது, வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும் விளங்க ஐந்தொகை எடுத்தனர்.

நிற்க. வருங்கால மதிப்பீட்டிலும் ஓர் இடறல் உண்டு. நாட்டு ஊராட்சிகளின் வருவாயில் அவை தாமே விதிக்கும் வரி நூற்றுக்கு ஒன்றளவே என்றும், பெரும்பகுதி மானியமே என்றும் 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கை கூறிற்று. வீட்டுவரி வீடுகள் பெருகப் பெருகும். மானியமோ நிதிக்குழுவின் காலத்தோடு மாறும். இரண்டையும் ஒன்றாய்க் கூட்டிச் சென்ற ஐந்தாண்டின் போக்கை அப்படியே நீட்டுவோமாயின், கணினி பிழையான விடையையே பிழையின்றித் தரும். ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே மதித்துப் பின்னரே கூட்டுதல் வேண்டும்.

இவ்விரண்டினும் பெரியதோர் இழப்பு முன்னே நிற்கின்றது. ஊராட்சியாக இருந்தவரை வரவு செலவைக் கிராம சபையில் மக்கள்முன் வைத்தல் முறை. மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டமோ நகர் முழுமைக்கும் ஒன்றாகவே அமைவது. அதனுள் அரியக்குடியின் கணக்குக் கடலில் கரைத்த பெருங்காயமாய் மறைந்துவிடுமாயின், சேர்க்கையால் ஊர் பெற்றது யாது, இழந்தது யாது என எந்தக் கருவிகொண்டு அளப்பது?

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டே. ஒன்று: பழைய ஊராட்சிக் கணக்கை மாநகராட்சித் தலைப்புகளுக்கேற்ப மாற்றியெழுதிக் காத்தல். மற்றொன்று: ஐந்தாண்டுகளேனும் அப்பகுதியில் பெற்ற வரியையும் அங்கே செய்த செலவையும் தனியே வெளியிடல்.

இது புதுமையான வேண்டுகோளன்று. ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்கிற்று. ஓலையில் எழுதிய முன்னோர்க்கு இயன்றது, கணினி கைவந்த நமக்கு இயலாதோ? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் நாட்டுப் பழமொழி. ஓர் ஊரையே மாநகரில் சேர்க்கும்போது அளவாமலிருத்தல் தகுமோ? கற்றார் சிந்திப்பாராக.