நம் உழைப்பு, பிறர் நிறுவனம்



திருப்பருத்திக்குன்றம் போன்ற நெசவூர்களிலிருந்து சென்ற பிள்ளைகள் பலர், இன்று இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆலைகளில் மேலாளர்களாக உயர்ந்துள்ளனர். ஹூண்டாய் கொரிய நிறுவனம். செயின்ட் கோபைன் பிரெஞ்சு நிறுவனம். "முக்கிய முடிவுகள் கடல் கடந்து வருகையில், இதை எங்கள் நிறுவனம் என்று எப்படிச் சொல்வது?" என அவர்கள் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கோரி ஒரு மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். இத்தகைய வேளைகளில் மேலிடத்துக்கும் தொழிலாளருக்கும் நடுவே நிற்பவர் உள்ளூர் மேலாளரே. பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. முடிவெடுக்கும் உரிமைதான் இல்லை.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பார்ப்போம். எகிப்தில் அவர்கள் அந்நியர், ஆட்சியோ மன்னருடையது. மன்னர் முதலில் அவர்களை நம்பிக்கைக்குரியவராக ஏற்று, மதிப்பான இடம் அளித்தார். அதன் பின்னரே அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். தம் இனத்தவரல்லாத மக்களின் தானியத்தையும் அமானிதமாகக் காத்தார்கள்.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. அதிகாரத்தைப் பகிராமல் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்ப்பது நிறுவனங்களுக்கு அழகன்று. நம் பிள்ளைகளும், "எனக்கென்ன, கம்பெனி அவர்களுடையது" என்று ஒதுங்கலாகாது. நிறுவனம் பிறருடையதாயினும், தமக்குக் கீழே உழைப்பவரின் உரிமை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய அமானிதம். முதலாளி தந்த பட்டில் நெய்தாலும், சேலையைத் தம் கைவேலை என்று சொல்லும் நெசவாளரின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிதன்று.