யூத காந்தி

கடல் கடந்து பொருளீட்டி ஊருக்கு அளிக்கும் வணிகர்களைக் கூத்தாநல்லூர்வாசிகளுக்கு அறிமுகம் செய்விக்க வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரி யூதர்களும் அத்தகையோரே. 1568-ல் எழும்பிய அவர்களது பரதேசி ஜெபாலயத்துக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் மணிக்கூண்டும் சீனத்து நீலவண்ண ஓடுகளும் அளித்தவர் எஸக்கியேல் ரஹபி என்னும் பெருவணிகர்.

கொடை பெரிதுதான். ஆயினும் அந்த ஆலயத்தில் எல்லோருக்கும் சரியாசனம் இருக்கவில்லை. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் சந்ததியார் என்று சொல்லி ஒரு பிரிவினரை ஒதுக்கி வைத்தனர். அப்பிரிவில் பிறந்தவர் ஏ. பி. சாலம் (1882–1967). வக்கீலான அவர் தம் சமூகத்தாரிடமே சத்தியாக்கிரகம் தொடங்கினார். பல்லாண்டுப் போராட்டத்தில் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. 1929-ல் லாகூர் காங்கிரஸுக்கும் சென்றார்; கொச்சி சட்டசபையிலும் தொண்டாற்றினார். ஜனங்கள் அவரை ‘யூத காந்தி’ என்றனர்.

1968-ல் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியாயிற்று. சாலம் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறிவிட, இன்று அங்கிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

ஓடு பதித்த வள்ளலைக் கட்டிடமே ஞாபகப்படுத்தும். இடம் மறுக்கப்பட்டோருக்கு இடம் பெற்றுத் தந்தவரை நாமன்றோ நினைக்கவேண்டும்?