முட்டைக் கள்வன் என்னும் பழி

அடைகிடக்கும் கோழியை அணுகிப் பார்த்தவர்கள் அதன் குணத்தை அறிவர். சிறகைச் சிலிர்க்கும், கொத்தவும் வரும், ஆனால், முட்டைகளை விட்டு இலேசில் எழாது. அந்தப் பிடிவாதத்தைத் தாய்மையின் இலக்கணமாக நாம் போற்றுகின்றோம். அதே பிடிவாதம் வாய்ந்த ஒரு பிராணியை அறிவுலகம் எழுபது ஆண்டுக்காலம் திருடன் என்று அழைத்துவந்த கதையை இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

1923ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையின் ஆராய்ச்சிக் குழுவொன்று, ரோய் சாப்மன் அண்ட்றூஸ் என்பாரின் தலைமையில், மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் உயிர்ச்சுவடுகளைத் தேடிற்று. செந்நிறப் பாறைகளிடையே கல்லாய்ச் சமைந்த முட்டைகள் அகப்பட்டன. புரொட்டோசெராடொப்ஸ் என்னும் டைனோசரின் எலும்புகள் அவ்விடத்தில் மலிந்து கிடந்தமையால், முட்டைகளும் அதனுடையவையே என்று முடிவுகட்டினர். முட்டைகளுக்குச் சற்று மேலே, பல்லில்லாத அலகுடைய வேறொரு சிறு டைனோசரின் எலும்புக்கூடும் கிடந்தது. களவாட வந்தவிடத்திலேதான் அது மாண்டிருக்கவேண்டும் என்று எண்ணினர். 1924இல் ஹென்றி ஒஸ்போர்ன் என்னும் அறிஞர் அதற்கு ‘ஒவிராப்டர்’, அதாவது முட்டைக் கள்வன், என்று பெயர் சூட்டினார். அப்பெயர் பிராணியின் குணத்தைப் பிழைபடக் காட்டவுங்கூடும் என்று அவரே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை உலகம் மறந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

பழி நீங்கும் காலம் 1993இல் வந்தது. அதே நூதனசாலையைச் சேர்ந்த மார்க் நொறெல் முதலானோர் அதே கோபியில் அதே வகை முட்டையொன்றைக் கண்டெடுத்தனர். அதனுள்ளே கருவின் எலும்புகள் இருந்தன. அக்கருவோ ஒவிராப்டர் குலத்துக்குரியது! கள்வன் எனப்பட்டது தன் முட்டைகளின் அருகிலேயே கிடந்தது என்பது புலனாயிற்று. 1995இல் வேறொரு செய்தியும் வெளியாயிற்று. அக்குலத்துப் பிராணியொன்று, வட்டமாக அடுக்கிய முட்டைகளின் நடுவே கால்களை மடக்கி அமர்ந்து, முன்னங்கைகளை விரித்து முட்டைகளை அணைத்தபடியே மணலுள் புதையுண்டிருந்தது. 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வந்த மரணமும் அதனை எழுப்பவில்லை.

இதனால் ஒரு பெரிய உண்மை துலங்கிற்று. அடைகிடத்தல் பறவைகள் புதிதாய்க் கற்றுக்கொண்ட வித்தையன்று. அவற்றின் டைனோசர் உறவினரிடத்தும் இருந்த பழக்கமே.

பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் உறவுண்டு என்று தோமஸ் ஹக்ஸ்லி 1868இலேயே வாதித்தார். ஆயினும், டென்மார்க்கைச் சேர்ந்த ஹைல்மன் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூல் அவ்வாதத்தை நெடுங்காலம் முடக்கிவிட்டது. கோழியின் மார்பில் கவைபோன்ற சிற்றெலும்பொன்று உண்டு. காறையெலும்புகள் இரண்டும் ஒன்றாய் இணைந்து உண்டாவது அது. டைனோசர்களுக்குக் காறையெலும்பே இல்லை. ஆகவே பறவைகள் அவற்றின் வழிவந்திருக்க முடியாது என்பது அவர் முடிபு. வேடிக்கை யாதெனில், அந்த எலும்பு ஒவிராப்டரிடம் இருந்தது! 1924ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அதன் படமும் இருந்தது. வேறோர் எலும்பென்று குறித்துவிட்டனர். ஒரே பிராணியைப்பற்றி இரண்டு பிழைகள்!

1969இல் ஜோன் ஒஸ்ட்ரொம் விவரித்த டைனொனிக்கஸ் என்னும் டைனோசரின் கைகள், பழம் பறவையாகிய ஆர்க்கியொப்டெரிக்ஸின் கைகளைப் பெரிதும் ஒத்திருந்தன. ஹக்ஸ்லியின் கருத்துக்கு மீண்டும் உயிர் வந்தது. 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து மென்தூவி போர்த்த டைனோசரும் வெளிப்பட்டது. ஒவிராப்டர் பறவைகளுக்குப் பாட்டியன்று. ஆர்க்கியொப்டெரிக்ஸ் அதற்கும் பல கோடி ஆண்டுகள் மூத்தது. ஒரே மூதாதையின் வழிவந்த தாயாதி என்பதே பொருந்தும்.

அடைகிடந்தது தாய்தானா என்று நேயர்கள் வினவலாம். தந்தையாகவும் இருக்கலாம் என்று 2008இல் சில ஆய்வாளர் கூறினர். தீக்கோழியினத்தில் ஆணும் அடைகிடப்பதுண்டு. இதனைப் படிக்கும் தந்தையர் சற்றே சிந்திப்பாராக!

முதலில் இட்ட பெயரை, பொருள் பிழையென்பதற்காக மாற்றுவது விலங்கியல் மரபன்று. ஆதலால், குற்றமற்றதெனத் தெளிந்த பின்னரும் அது ‘முட்டைக் கள்வன்’ என்றே வழங்குகின்றது. எலும்புக்கு இட்ட பெயரே இப்படியென்றால், அயலவருக்கு நாம் அவசரப்பட்டு இடும் பெயர்களை என்னென்பது? வீட்டுக் கோடியிலே கோழி அடைகிடப்பதைக் காணும்போதெல்லாம் இதனை நினைவுகூர்வோமாக.