பாட்டில் உரிமை; வீட்டில்?

பெண் முன்னேற்றம் பற்றி இப்போது பாட்டு எழுதுகிறார்கள். மேடையில் பாடுகிறார்கள். படம் பிடித்தும் வெளியிடுகிறார்கள். கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள்.

கை தட்டிய பிறகு என்ன நடக்கிறது?

19 பேரில் ஒரு பெண்

2018-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் ஒரு பாட்டுக் குழு மேடை ஏறியது. பெயர், "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்." சாதியற்றவர்களின் கூட்டம் என்று பொருள். சினிமா டைரக்டர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசை அமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். மேல்நாட்டு ராக் இசையும், வடசென்னை கானாவும் இதில் கலந்தன. கிதார் ஒரு பக்கம். பறை ஒரு பக்கம்!

குழுவில் 19 பேர். அவர்களில் பெண் ஒருவர்தான். அவர் பெயர் இசைவாணி.

கானா ஆண்களின் பாட்டாகவே இருந்து வந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பது உண்டு; கானா பாடும் வழக்கம் இல்லை. இசைவாணி துணிந்து பாடினார். 2020-ல் பி.பி.சி. உலகம் முழுவதும் தேடிப் பொறுக்கிய 100 பெண்களில் அவரும் ஒருவர் ஆனார்.

வசை யாருக்கு?

எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குச் செல்லலாம் என்று 2018 செப்டம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. (2019-ல் இந்த விவகாரம் பெரிய பெஞ்சுக்குப் போயிற்று.) அதே 2018-ல், பெண்களின் கோவில் நுழைவு பற்றி இந்தக் குழு ஒரு பாட்டு அமைத்தது. பாடியவர் இசைவாணி.

6 ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாட்டுக்கு எதிர்ப்பு கிளம்பியது. மனம் புண்பட்டதாகப் பக்தர்கள் சிலர் போலீசில் புகார் கொடுத்தார்கள்.

குறை சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஆபாச வசையும், மிரட்டலும் எதற்கு? பாட்டு குழுவினுடையது. வசை வந்ததோ, பாடிய பெண்ணுக்கு!

நாகரசம்பட்டியில்

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உண்டு.

மாந்தோப்பையும், வயலையும் நம்பி வாழ்ந்த வட்டாரம் அது. இன்று ஓசூரிலும், போச்சம்பள்ளியிலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. போச்சம்பள்ளியில் உள்ள தன் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள், 10 ஆயிரம் பேருக்கு வேலை என்று ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது.

இரவு ஷிப்டு முடிந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்டு போட்டது கம்பெனி. சம்பளத்தில் சாப்பிடுவது குடும்பம். ஊர்ப் பேச்சு மட்டும் அவளுக்கு! பாடகிக்கு நேர்ந்ததும் இதுதான்.

வீட்டில் கேட்க வேண்டியது

அவள் சம்பளம் யார் கையில் இருக்கிறது? கல்யாணப் பேச்சு வந்தால் அவள் சம்மதத்தைக் கேட்கிறார்களா? இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் அது வந்தது. பாகப் பத்திரம் எழுதும்போது மகள் பெயர் இருக்கிறதா?

பாட்டு இந்தக் கேள்விகளைக் கிளப்பிவிடும். அதற்கு மேல் அதனால் முடியாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்பாவும், அண்ணனும், மாமியாரும்தான். ஊர் ஏசும்போது அவர்கள் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றால், அதுவே அவளுக்குப் பெரிய பலம்.